சி++ அரைகுறை, டிசைன் தெரியும்: ஓப்பன் சோர்ஸில் எனக்கு இடமுண்டா?

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு தங்கச்சியின் கேள்வி இது. தினமும் பாவிக்கிற ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் (நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடியது) இடைமுகம் அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்று கிழமை இருந்து ஃபிக்மா என்ற வடிவமைப்புக் கருவியில் முழுவதையும் புதிதாக வரைந்து, 18 படங்களை அந்தத் திட்டத்தில் பிழைகளையும் யோசனைகளையும் எழுதும் இஷ்யூ பக்கத்தில் போட்டிருக்கிறார். ஒருவர் வந்து ‘வடிவாக இருக்கிறது, நன்றி’ என்று எழுதிவிட்டு மறுநாளே அதை மூடிவிட்டார். ‘நிரல் எழுதுகிறவர்களுக்கு மட்டும்தானா இந்த இடம்? உதவித்தொகையோடு ஓப்பன் சோர்ஸ் வேலை தரும் கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்கு விண்ணப்பிக்கும் ஆசையும் இருக்கிறது, அது வீண் ஆசையா?’ என்று கேட்கிறார்.

வீண் ஆசை இல்லை தங்கச்சி. ஆனால் உங்கள் இஷ்யூவை மூடியவர் மேல் எனக்குக் கோபமும் வரவில்லை. இதே வேலையை நானும் செய்தவன்.

அப்போது கல்முனையில் வீட்டில் இருந்தேன். மார்கழி மழை, வாசலில் முழங்கால் தண்ணீர், வெளியே இறங்க வழியில்லை. படம் வரைய உதவும் ஒரு மென்பொருளின் (பெயர் வேண்டாம்) கருவிப்பட்டை முழுவதையும் கழற்றிப் பூட்டினேன். நிறம், ஐகன், மெனு ஒழுங்கு, ஒன்றையும் விடவில்லை. மொத்தம் 14 பக்கம் பிடிஎஃப். அனுப்பிவிட்டு அரை மணிக்கொரு தரம் மெயில் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் மூன்று வரியில் பதில் வந்தது. இதில் எந்த மாற்றம் எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது? இதை எழுதி முடித்த பிறகு யார் பராமரிப்பது? ஆறாம் பக்கத்தில் உள்ளதை மட்டும் தனியாக அனுப்ப முடியுமா?

ஆறாம் பக்கத்தில் என்ன இருந்தது என்று எனக்கே ஞாபகமில்லை. திறந்து பார்த்தேன். புதிய லேயர் சேர்க்கிற பட்டனும் லேயரை அழிக்கிற பட்டனும் ஒட்டியபடி, ஒரே அளவில், ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன. அழிக்கிறதை நான் மறு ஓரத்துக்குத் தள்ளியிருந்தேன். அந்த 14 பக்கத்திலும் நான் உண்மையில் கை தவறி அழுத்தி, கவனியாமல் சேமித்து மூடி, ஒரு பின்னேரத்து வேலையைத் தொலைத்த இடம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் என் ரசனை. அந்த ஒன்று 11 வரி மாற்றமாக, ஐந்து கிழமை கழித்து உள்ளே போனது. மிச்சம் 13 பக்கமும் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றில் கிடக்கின்றன. போன வருடம் எடுத்துப் பார்த்தேன், அவ்வளவு நல்லாகவும் இல்லை.

திட்டத்தைப் பராமரிப்பவர் பக்கத்தில் இருந்தும் கொஞ்சம் பாருங்கள். 18 படங்கள் ஒன்றாக வந்தால் அவர் கண்ணில் முதலில் படுவது வேலைப்பளு. பழைய ஒழுங்கைக் கை பழகிய ஆயிரக்கணக்கான ஆட்கள் இருக்கிறார்கள். உதவிக் குறிப்புகளில் பழைய ஸ்கிரீன்ஷொட் இருக்கிறது. பல மொழிகளில் மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஆவணங்கள் எழுத உதவும் லிப்ரே ஆஃபிஸ் 2017இல் 5.3 பதிப்பில் நோட்புக்பார் என்ற, வேர்ட்டின் ரிப்பன் மாதிரியான இடைமுகத்தைக் கொண்டுவந்தபோதும் பழைய மெனுவைத் தூக்கி எறியவில்லை. விரும்பியவர் மாற்றிக்கொள்ளும் தெரிவாகத்தான் வைத்தது. அவ்வளவு பெரிய திட்டமே அப்படி நிதானமாக நடக்கும்போது, முன்பின் தெரியாத ஒருவரின் 18 படங்களுக்கு ‘நன்றி’ கிடைத்ததே பெரிய விஷயம்.

சரி, அப்போ எங்கே தொடங்குவது? அந்த மென்பொருளில் மாட்டிக்கொண்டு முழிக்கிற ஒரு ஆளைத் தேடுங்கள். வடிவமைப்பு தெரிந்தவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. நம் ஊரில் அந்த ஆளைத் தேடித் தூரம் போகவும் தேவையில்லை.

களுவாஞ்சிகுடியில் எனக்குத் தெரிந்த ஒரு கொமினிகேஷன் கடை இருக்கிறது. போட்டோக்கொப்பி, லமினேட்டிங், ரீலோட், அப்புறம் டைப்பிங். அங்கே இருக்கும் அக்கா பிரதேச செயலகத்துக்குக் கடிதம் அடிப்பார், கோயில் திருவிழா நோட்டீஸ் அடிப்பார், மரண அறிவித்தல் அடிப்பார். வருடக்கணக்காக பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவர், ஒன்லைன் படிவங்கள் வந்த பிறகு எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாறினார். கணினியில் இருப்பது ஓப்பன் சோர்ஸ், அதாவது கட்டற்ற மென்பொருள்தான். கொள்கைக்காக இல்லை, காசு கொடுக்கத் தேவையில்லை என்பதற்காக.

ஒரு நாள் அவருக்குப் பின்னால் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு இரண்டு மணித்தியாலம் இருந்தேன். ஒவ்வொரு ஆவணத்தையும் பிடிஎஃப் ஆக்கும்போது அந்தப் பட்டனை மூன்று தரம் அழுத்தினார். ஏன் என்று கேட்டேன்.

‘இதுக்குக் கேட்டுதா கேக்கலையா எண்டு விளங்குதில்ல தம்பி. அதான் மூணு தரம் அமத்துறன்.’

பிடிஎஃப் முதல் அழுத்தலிலேயே தயாராகிவிடும். ஆனால் திரை ஒரு சொல்லும் சொல்லாது. அதனால் கோப்புறையில் ஒரே கடிதம் மூன்று பெயரில் கிடக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது எது கடைசி என்று அவருக்கே சந்தேகம் வரும். அந்த மென்பொருளை நான் பத்து வருடமாகப் பாவிக்கிறேன், ஒரு தரமாவது இதைக் கவனித்ததில்லை. எனக்கு அது வேலை முடித்த விஷயம் முன்னமே தெரியும், அதனால்தான்.

உங்கள் இஷ்யூவில் எழுத வேண்டியது இந்த மாதிரி ஒன்றைத்தான். யார், என்ன செய்ய வந்தார், எந்த இடத்தில் நின்றார், என்ன சொன்னார். அதற்குப் பிறகு ஒரே ஒரு படம்: வேலை முடிந்ததும் கீழே சில விநாடி தோன்றி மறையும் ஒரு வரிச் செய்தி. இப்படி எழுதி வந்தால் ‘உங்கள் ரசனை எங்கள் ரசனை இல்லை’ என்று யாரும் சொல்ல முடியாது. வேறு தீர்வு சொல்வார்கள், அது நல்ல பேச்சு. பக்கத்தில் இருந்து பார்க்கும்போது வாயைத் திறக்காதீர்கள். ‘அங்கே அமத்துங்க அக்கா’ என்று நுனி நாக்கு வரை வரும், விழுங்கிவிடுங்கள். சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் பார்ப்பது உங்களையேதான். இன்னொன்று, அந்தத் திரைகளில் வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கம், விலாசம் எல்லாம் இருக்கும். அங்கே ஸ்கிரீன்ஷொட் எடுக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து வெற்று ஆவணத்தில் அதே இடத்தைத் திரும்ப உண்டாக்கிப் படமெடுங்கள்.

நம் கரையில் இதைச் சொல்லும்போது சகானாவை நினைக்காமல் இருக்க முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிய, அந்த நாட்களிலேயே இலங்கை நிரலாளர்கள் சேர்ந்து எழுதிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்தான் சகானா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலத் திட்டத்துக்கான 2006ஆம் ஆண்டு விருது அதற்குக் கிடைத்தது. நித்திரை இல்லாத ஒரு தொண்டர், அழுதுகொண்டு நிற்கும் ஒருவரிடம் கேட்டுக் கேட்டு நிரப்பும் படிவத்தில் ஒரு பெட்டி குழப்பமாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இடைமுகம் மேல்பூச்சு வேலை என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தப் படிவம்தான் ஞாபகம் வரும்.

அடுத்தது உங்களிடம் மட்டும் இருக்கிற ஒரு சாமான்: தமிழ். மென்பொருளின் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டு ஒரு நாள் முழுக்கப் பாவியுங்கள். ஆங்கிலத்தை வைத்து அளந்த பெட்டிகள் எல்லாம் பல்லிளிக்கும். ‘செட்டிங்ஸ்’ என்ற சொல் கொள்ளும் இடத்தில் ‘விருப்பத்தேர்வுகள்’ கொள்ளாது. வரியின் உயரம் குறைவாக இருந்தால் மேலே புள்ளியும் விசிறியும் வெட்டுப்படும், கீழே ‘ழு’வின் வால் போகும்.

இதைவிட மோசமானது எழுத்தை எண்ணி வெட்டுகிற நிரல். கொக்கட்டிச்சோலை என்று எழுதுங்கள். நமக்கு அது எட்டு எழுத்து. யூனிகோடில் உயிர்மெய்யின் குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் கணினிக்கு 15. பெயர் நீளமானால் பன்னிரண்டோடு வெட்டு என்று யாராவது எழுதியிருந்தால் திரையில் ‘கொக்கட்டிச்ச…’ என்று வரும். ‘சோ’வின் கொம்பும் காலும் போய் ‘ச’ மட்டும் நிற்கும். ‘தமிழ்’ என்ற சொல்லே மூன்று எழுத்து, ஐந்து குறி. நாலோடு வெட்டினால் புள்ளி போய் ‘தமிழ’ ஆகிவிடும். ஜெர்மனியிலோ பிரேசிலிலோ இருக்கிற பராமரிப்பாளருக்கு இது தானாகத் தெரிய வழியே இல்லை. நீங்கள் இரண்டு படம் போட்டு, எண்ணிக்கையையும் எழுதிக் காட்டினால் பெரும்பாலும் அன்றைக்கே ‘ஓ, இது பிழைதான்’ என்று ஏற்றுக்கொள்வார்கள். ரசனைச் சண்டைக்கு அதில் இடமே இல்லை. திருத்தமும் அனேகமாகச் சின்னதாகத்தான் இருக்கும்: குறிகளை எண்ணாமல் முழு எழுத்துகளாக எண்ணும் நூலகச் செயற்பாடு பல மொழிகளில் ஏற்கெனவே இருக்கிறது.

அரபு, ஹீப்ரு மாதிரி வலமிருந்து இடம் போகும் மொழிகளில் இடைமுகம் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்ப வேண்டும். காத்தான்குடியில் இருக்கிற என் கூட்டாளி ஒருவனை இதற்குப் பிடித்தேன். சின்ன வயதிலிருந்து குர்ஆன் ஓதியவன், அம்புக்குறி பிழையான பக்கம் பார்த்தால் ஒரு விநாடியில் சொல்லிவிடுவான். மெனுவில் இருக்கிற நவீன அரபுச் சொற்களுக்குப் பொருள் கேட்டால்தான் சிரிப்பான்.

படிப்பதற்கு நிறைய இருக்கிறது, ஆனால் இரண்டு மூன்று விஷயம் தெரிந்தாலே பல நாளைக்கு வேலை கிடைக்கும். வலை உள்ளடக்க அணுகல் விதிகளின்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும். மெல்லிய சாம்பலில் எழுதுவதை வடிவமைப்பாளர்கள் விரும்புவார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு வீதியைப் பார்த்த கடையில், மலிவான லெப்டொப் திரையில் அது ஒன்றும் தெரியாது. அடுத்து, எலியை ஒதுக்கி வைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் ஒரு வேலையை முடிக்கப் பாருங்கள். அப்புறம் ஓர்கா மாதிரி ஒரு திரைவாசிப்பானைப் போட்டுக் கேளுங்கள். ஐகன் மட்டும் உள்ள பட்டனுக்கு யாரும் பெயர் வைக்காவிட்டால் அது ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்றுதான் வாசிக்கும். பெயர் வைப்பது ஒரு வரி.

இனி சி++ என்ற நிரல் மொழி மேல் இருக்கிற பயம். இடைமுகத்தில் பல வேலைகளுக்கு சி++ தேவையில்லை. ஜிடிகே என்ற இடைமுகக் கருவித்தொகுப்பில் எழுதிய பல மென்பொருள்களில் ஜன்னல்களின் அமைப்பு எக்ஸ்எம்எல் என்ற குறிமொழிக் கோப்பாகத் தனியே இருக்கும். லிப்ரே ஆஃபிஸின் டயலொக்குகளும் அப்படித்தான். கேடிஇ என்ற லினக்ஸ் டெஸ்க்டொப் பக்கம் போனால் கியூஎம்எல் என்ற இடைமுக மொழி, அதை வாசித்தாலே விளங்கும். வலைச் செயலி என்றால் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும். ஜிடிகே மென்பொருள் ஓடும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் இன்ஸ்பெக்டர் என்ற ஜன்னல் திறக்கும். அதில் இடைவெளி, நிறம், சிஎஸ்எஸ் எல்லாவற்றையும் ஓடுகிறபோதே மாற்றிப் பார்க்கலாம். எழுத்தின் திசையைத் திருப்பி, நான் சொன்ன கண்ணாடி விளையாட்டையும் அதிலேயே சோதிக்கலாம். பிடித்த அளவு கிடைத்த பிறகு கோப்பில் எழுதுங்கள்.

மூலநிரலைத் தரவிறக்கி, ஓடும் மென்பொருளாகக் கட்டியெழுப்புவதுதான் நம் ஆட்கள் அதிகம் கைவிடுகிற இடம். டேட்டா முடியும், லெப்டொப் சூடாகும், கரண்ட் போகும். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் டெப்த் 1 என்று கொடுத்துக் குளோன் செய்தால் (நகலெடுத்தால்) பழைய வரலாறு இல்லாமல் கடைசி நிலை மட்டும் இறங்கும், டேட்டா எவ்வளவோ மிச்சம். கம்பஸ் வைஃபையில் இரவில் இறக்குங்கள். முதல் திட்டமாக லிப்ரே ஆஃபிஸ் அளவு பெரியதைத் தொடவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். முதல் முறை கட்டவே மணிக்கணக்காகும், அதற்குள் ஆசை ஆறிப்போகும். அதற்குத்தான் இறங்குவேன் என்று பிடிவாதமாக இருந்தால் ‘ஈஸி ஹேக்ஸ்’ என்று புதியவர்களுக்கு ஒதுக்கிய வேலைகளைப் பாருங்கள். மற்றத் திட்டங்களில் ‘நியூகமர்ஸ்’, ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ என்ற லேபல்கள் இருக்கும்.

ஒரு சொல்லை மாற்றுவது லேசான வேலை என்று நினைத்துத் தொடங்குவீர்கள், அதில் ஒரு பொறி இருக்கிறது. மொழிபெயர்ப்புக்குப் பல திட்டங்கள் பாவிக்கும் கெட்டெக்ஸ்ட் முறையில் ஆங்கில வாக்கியம்தான் மொழிபெயர்ப்பின் சாவி. அதில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் எல்லா மொழிகளிலும் அந்த வரி ‘ஃபஸ்ஸி’ (சந்தேகம்) என்று குறிக்கப்பட்டு, மொழிபெயர்ப்பாளர் வந்து பார்க்கும்வரை ஆங்கிலத்தில் தெரியும். ஆங்கிலத்தில் அழகு பார்க்கப் போய், களுவாஞ்சிகுடி அக்காவுக்கு இருந்த தமிழையும் பறித்துவிடுவீர்கள். காரணம் பலமாக இருந்தால் மாற்றலாம், ஆனால் அந்தக் காரணத்தை எழுதுங்கள். இதனால்தான் வெளியீட்டுக்கு முன் இடைமுகத்தையும் சொற்களையும் உறைய வைக்கும் காலம் ஒன்று வைக்கிறார்கள். க்னோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டொப் வருடத்தில் இரண்டு தரம், மார்ச்சிலும் செப்டம்பரிலும் வெளிவரும். அதற்கு முந்திய கிழமைகளில் உங்கள் மாற்றம் எவ்வளவு நல்லதென்றாலும் காத்துக்கிடக்கும். அதை நிராகரிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அனுப்பும் முறைக்கு வருவோம். ஒரு கோரிக்கையில் ஒரு மாற்றம். முன்னும் பின்னும் ஸ்கிரீன்ஷொட், முடிந்தால் தமிழிலும் ஆங்கிலத்திலும். ‘ரெஸ்பெக்டட் சேர்’ என்று தொடங்க வேண்டாம், முதல் பெயரோடு ஒரு ‘ஹாய்’ போதும். அந்தப் பக்கம் இருப்பவர் வேலை முடிந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சம்பளமில்லாமல் இதைப் பார்க்கிற ஒருவராக இருக்கலாம், விரிவுரையாளர் இல்லை. பத்து நாள் சத்தமில்லையென்றால் மரியாதையாக ஒரு வரி ஞாபகப்படுத்துங்கள். பதினைந்து திருத்தம் சொல்லிப் பதில் வந்தால் சந்தோஷப்படுங்கள். எல்லாருக்கும் முன்னால் பிழை சொல்கிறார்களே என்று நமக்கு ஒரு கூச்சம் வரும், பள்ளிக்கூடத்தில் வளர்த்த கூச்சம் அது. அக்கறை இல்லாத இடத்தில் பதினைந்து திருத்தம் எழுத யாருக்கு நேரம்? கமிட்டில், அதாவது நீங்கள் பதியும் ஒவ்வொரு மாற்றத்திலும், போகிற மின்னஞ்சல் முகவரி என்றைக்கும் எல்லாருக்கும் தெரியும்படி இருக்கும் என்பதால், அதற்கென்று ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

எண்ணிக்கை சேர்க்க ஓடாதீர்கள். 2020 அக்டோபரில் ஒரு டிசேர்ட்டுக்காக ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் நிகழ்வில் வந்து குவிந்த வெற்று மாற்றங்களால் பராமரிப்பாளர்கள் சலித்து, விரும்பிச் சேர்ந்த திட்டங்கள் மட்டும் என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது அந்த இடத்தில் செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததை வாசிக்காமல் ஒட்டுகிறவர்கள் நிற்கிறார்கள். ஜென்டூ என்ற லினக்ஸ் திட்டம் 2024 ஏப்ரலில் அப்படி எழுதியதை ஏற்பதில்லை என்றே முடிவெடுத்தது. சேரும் திட்டத்தின் விதியை முதலில் வாசியுங்கள்.

கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005இல் தொடங்கியது. 2022 முதல் மாணவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, 18 வயது நிரம்பிய, ஓப்பன் சோர்ஸுக்குப் புதிய எவரும் விண்ணப்பிக்கலாம். 90, 175, 350 மணித்தியாலம் என்று மூன்று அளவுகளில் வேலைகள் உண்டு. உதவித்தொகை நாட்டுக்கு நாடு வேறுபடும். இலங்கையிலிருந்து மொறட்டுவைப் பல்கலைக்கழகம் பல வருடம் உலகிலேயே அதிகம் பேர் தெரிவான இடங்களில் ஒன்றாக இருந்திருக்கிறது. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ இருந்து போக முடியாது என்று எந்த விதியும் இல்லை. வித்தியாசம் எங்கே என்றால், அங்கே ஒரு சீனியர் இன்னொரு சீனியரைக் காட்டிவிடுவார், இங்கே நீங்களேதான் முதல் ஆளாக இருப்பீர்கள். விண்ணப்பம் மார்ச், ஏப்ரல் பக்கம் வரும். அந்த நேரம் புதிதாக முகம் காட்டுகிறவரைவிட, அதற்கு முன்னமே நாலு சின்னத் திருத்தம் அனுப்பி, திட்டியதையும் கேட்டுத் திருத்தியவரைத்தான் வழிகாட்டிகள் எடுப்பார்கள். வடிவமைப்பு வேலையும் அங்கே உண்டு, ஆனால் நிரலாக முடிகிற வடிவமைப்பு. படம் மட்டும் தருவேன் என்றால் எடுபடாது. அதனால் அந்தக் கியூஎம்எல் அல்லது சிஎஸ்எஸ் அளவுக்காவது கை பழக வேண்டும்.

உங்கள் 18 படங்களையும் அழிக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் திறந்து, ‘இந்த இடத்தில் நான் எப்போதாவது மாட்டிக்கொண்டேனா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஓம் என்று வருவது ஒன்றோ இரண்டோ இருக்கும். அதை எடுத்துக்கொண்டு செங்கலடிப் பக்கம் ஏதாவது ஒரு கொமினிகேஷனுக்குப் போங்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் போகவேண்டாம், போட்டோக்கொப்பிக்கு நிற்கிற பிள்ளைகளால் கதிரை போட இடமிருக்காது. இரண்டரை மூன்று மணிக்குப் பிறகு கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள். போகும்போது ஒரு பிளேன்டீ வாங்கிக்கொண்டு போனால், பின்னால் இருந்து பார்க்கிறதை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.